14-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பிரபு ஒருவரின் வாழ்க்கையையும் குடும்பத்தையும் ஆவணங்களைக் கொண்டு எழுதும் முறை

இடைக்காலப் பிரெஞ்சுப் பிரபு ஒருவரைப் பற்றி எழுத முற்படுவோர் பெரும்பாலும் தந்தை, மகன், பேரன் என்று ஆண்களின் பெயர்களை வரிசையாக எழுதிவிட்டு, ஒவ்வொரு பெயருக்கும் நேரே போர்களையும் பட்டங்களையும் சேர்த்துவிடுகிறார்கள். இப்படி எழுதப்படும் வரலாறு படிக்க ஒழுங்காக இருக்கும். ஆனால் அந்த மனிதர் ஏன் அந்தப் பெண்ணை மணந்தார், ஏன் தமக்குத் தொடர்பில்லாத மலைநாட்டுக்குப் படை நடத்திச் சென்றார், அவர் இறந்த சில ஆண்டுகளுக்குள் கோட்டை ஏன் வேறொரு குடும்பத்தின் கைக்குப் போயிற்று என்ற கேள்விகளுக்கு அதில் விடை இராது. அக்காலப் பிரபுக் குடும்பத்துக்கு நிலமே அச்சாணி. அந்த நிலமோ பெண்கள் வழியாகவே அடிக்கடி கை மாறியது. ஆகவே முதலில் நிலம், அடுத்துத் தாய், மனைவி, மகள், அதன் பின்னரே போர்க்களம் என்ற வரிசையில் தேடுவதே நல்லது.

இம்முறையை விளக்குவதற்கு வட பிரான்சிலுள்ள கூசியின் பிரபுவான ஏழாம் ஆங்கெரானை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 1340-இல் பிறந்து 1397-இல் துருக்கியரின் சிறைக்காவலில் இறந்த இவர், பிரெஞ்சு அரசரின் நம்பிக்கைக்குரிய படைத்தலைவராகவும் ஆங்கிலேய அரசரின் மருமகனாகவும் ஒரே காலத்தில் இருந்தவர். இரு நாட்டு ஆவணங்களிலும் இவர் பெயர் காணப்படுவதால், ஒரு பக்கச் செய்தியை மறுபக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. அத்தகைய வாய்ப்பு எல்லாப் பிரபுக்களுக்கும் அமைவதில்லை.

நிலத்திலிருந்து தொடங்குக

முதல் வேலை, அந்தப் பிரபு எந்தெந்த நிலங்களை, யாருக்குக் கட்டுப்பட்டு வைத்திருந்தார் என்று ஒரு பட்டியல் எழுதிக்கொள்வது. ஆங்கெரானுக்குக் கூசி, மார்ல், லா ஃபேர் ஆகிய நிலங்கள் தந்தைவழியில் வந்தன. சுவாசோன் கவுண்ட் பதவியும் நிலமும் 1367-இல் வந்து சேர்ந்தன. நிலம் கை மாறும் ஒவ்வொரு முறையும் புதிய உடைமையாளர் தமக்கு மேலான பிரபுவின் முன் மண்டியிட்டு விசுவாச உறுதி எடுக்கவும், தம் உடைமைகளை விவரமாக எழுதிக் கொடுக்கவும் வேண்டியிருந்தது. இந்த உறுதிப் பத்திரங்களும் உடைமைப் பட்டியல்களுமே குடும்பத்தில் யார் எப்போது இறந்தார், யார் அவருக்கு வாரிசானார் என்பதைப் பெரும்பாலும் முதலில் காட்டிக்கொடுக்கின்றன. 14-ஆம் நூற்றாண்டில் ஞானஸ்நானப் பதிவேடுகள் இல்லை. குழந்தைகளின் ஞானஸ்நானத்தைப் பங்குக் குருமார் பதிய வேண்டும் என்ற அரச ஆணை 1539-இல்தான் பிறந்தது. (அந்த ஆணை வெளியான வில்லேர்-கோத்ரே, சுவாசோனிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை.) எனவே ஆங்கெரான் பிறந்த ஆண்டைப் பெற்றோரின் மணவாழ்வு தொடங்கிய காலத்தையும், பிற்காலத்தில் அவருடைய வயதைச் சுட்டும் செய்திகளையும் சேர்த்துப் பார்த்தே கணிக்கிறோம். உங்கள் குறிப்பில் அதை ‘ஏறத்தாழ’ என்ற சொல்லோடு எழுதுங்கள். அச்சொல்லை விட்டுவிட்டால், அடுத்து படிப்பவர் அதை உறுதியான ஆண்டாக எடுத்துக்கொள்வார்.

நில ஆவணங்களைப் படிக்கும்போது பிரபுவின் தாராளத்தைப் புகழ்ந்துவிட அவசரப்பட வேண்டாம். 1368 ஆகஸ்டில் ஆங்கெரான் தம் ஆட்சிக்குட்பட்ட 22 ஊர்களின் பண்ணையடிமைகளை, அவர்கள் இறந்தால் சொத்து பிரபுவையே சேரும் என்ற பழைய விதியிலிருந்து விடுவித்தார். அதற்கு ஈடாக ஒவ்வோர் ஊரும் ஆண்டுதோறும் வரி செலுத்த ஒப்புக்கொண்டது. கொள்ளைநோய்க்குப் பின் ஆள் பற்றாக்குறை கடுமையாக இருந்த காலம் அது; கட்டுப்பாடு இல்லாத அண்டை ஊர்களுக்குக் குடிமக்கள் போய்விடுவதால் நிலம் தரிசாகிறது என்ற கவலையே அந்தச் சாசனத்தின் உள்ளே இருக்கிறது. சாசனத்தின் முகப்புரையில் வரும் பக்தி வாசகங்களை மட்டும் மேற்கோள் காட்டிவிட்டு வரியைக் குறிப்பிடாமல் விடுவது, பிரபுவைப் பற்றி அல்ல, அவருடைய எழுத்தரைப் பற்றி எழுதுவதாகிவிடும்.

தொகைகள் வரும் இடத்தில் எந்த லிவ்ர் (அக்காலப் பிரெஞ்சுப் பண அலகு) என்று கேட்க மறக்க வேண்டாம். பாரிஸ் கணக்கு லிவ்ர் 4, தூர் கணக்கு லிவ்ர் 5-க்குச் சமம். எது என்று ஆவணம் சொல்லாவிட்டால் அப்படியே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்களாக மாற்றிக் கணக்கிட வேண்டாம்.

பெயரும் எண்ணும் தரும் ஏமாற்றம்

கூசியின் குடும்பத்தில் ஆங்கெரான் என்ற பெயர் ஏழு முறை வருகிறது. முதலாமவரிலிருந்து ஏழாமவர் வரை ஒரே ஆண்வழி என்றே யாருக்கும் தோன்றும். ஆனால் அப்படி இல்லை. பெருங்கோட்டையைக் கட்டிய மூன்றாம் ஆங்கெரானின் மகன் நான்காம் ஆங்கெரான் 1311-இல் பிள்ளையின்றி இறந்தார். கூசி அவருடைய சகோதரி அலீஸின் மகனுக்குப் போயிற்று. அலீஸ், கீன் நாட்டுக் கவுண்ட்டான மூன்றாம் ஆர்னூலை மணந்தவர். ஆகவே ஐந்தாம் ஆங்கெரான் பிறப்பால் கீன் குடும்பத்தவர்; கூசியின் பெயரையும் குலச்சின்னத்தையும் நிலத்தோடு சேர்த்தே பெற்றார். அவருக்குப் பின் கியோம், கியோமுக்குப் பின் ஆறாம் ஆங்கெரான், அவருடைய மகன்தான் நம்மவர். ஏழாமவர் தம்மை மூன்றாமவரின் வழித்தோன்றல் என்று கருதியது சரியே. ஆனால் அந்த உறவு ஒரு பெண் வழியாக வந்தது என்பதை வம்ச வரைபடத்தில் தெளிவாகக் காட்ட வேண்டும். நூல்களில் இருக்கும் எண்களும் பின்வந்த வம்சாவளி ஆசிரியர்கள் இட்டவை. அக்கால ஆவணம் ‘ஆங்கெரான், கூசியின் பிரபு’ என்று மட்டுமே சொல்லும். எந்த ஆங்கெரான் என்பதை மனைவியின் பெயர், ஆண்டு, நிலம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. கூசியின் பிரபு வேறு, கூசிக் கோட்டையின் காவல் அதிகாரி வேறு. 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் காதற்பாடல்கள் இயற்றிய கவிஞர் இரண்டாம் வகையைச் சேர்ந்தவர். காதலனின் இதயத்தைச் சமைத்துக் காதலிக்கு ஊட்டிய கணவன் என்ற புகழ்பெற்ற கட்டுக்கதை அவர் பெயரோடுதான் ஒட்டிக்கொண்டது. அதைப் பிரபுக் குடும்பத்தின் வரலாற்றுக்குள் கொண்டு வருபவர்கள் இன்றும் உண்டு.

குலச்சின்னத்தையும் இங்கேயே சரிபார்த்துவிடலாம். கூசியின் கேடயம் அணிற்தோல் வடிவமும் சிவப்பும் மாறி மாறி வரும் ஆறு கிடைப்பட்டைகள் கொண்டது. ஏழாம் ஆங்கெரானோ கேடயத்தை நான்காகப் பிரித்து, அதோடு ஆஸ்திரியாவின் சின்னமான சிவப்பின் நடுவே வெள்ளிப்பட்டையையும் சேர்த்துக்கொண்டார். ஒரு முத்திரையில் இந்தச் சேர்க்கையைக் கண்டால் அது தாத்தாவுடையதோ கொள்ளுத்தாத்தாவுடையதோ அல்ல என்பது உறுதியாகிறது. மேலும், தாய்வழி உரிமையை அவர் எவ்வளவு பெரிதாக எண்ணினார் என்பதையும் அது சொல்லிவிடுகிறது.

தாய், மனைவியர், மகள்கள்

தந்தை ஆறாம் ஆங்கெரான், கிரெசிப் போர் நடந்த 1346-ஆம் ஆண்டில் இறந்தார். தாய் கேத்தரீன் 1349-இல் கொள்ளைநோய்க் காலத்தில் இறந்தார். பத்து வயது நிரம்புமுன் பெற்றோர் இருவரையும் இழந்த சிறுவன் ஆவணங்களில் தானாகப் பேசமாட்டான். அவன் சார்பில் நிலத்தை நிர்வகித்த காப்பாளர்களின் பெயர்களைத் தேட வேண்டும். தாய் கேத்தரீன், 1326-இல் இறந்த ஆஸ்திரிய டியூக் முதலாம் லெயோபோல்டின் மகள். லெயோபோல்டுக்கு ஆண்வாரிசு இல்லை. அவருடைய நிலங்கள் அவரது சகோதரர்கள் பக்கம் போய்விட்டன. தம் தாய்க்கு உரிய பங்கு தரப்படவில்லை என்பதே ஆங்கெரானின் வாதம். 1375-இன் இறுதியில் அவர் பெரும் கூலிப்படையோடு இன்றைய சுவிட்சர்லாந்துக்குள் நுழைந்ததற்கும், டிசம்பர் 27 அன்று ஃப்ராவ்ப்ருன்னனில் பெர்ன் நகரத்தார் அப்படையின் ஒரு பகுதியை முறியடித்ததற்கும் அடிப்படை அதுதான். தாயின் வரலாற்றை முதலில் படிக்காதவருக்கு இந்தப் படையெடுப்பு வெறும் கொள்ளைப் பயணமாகவே தோன்றும். கொள்ளையும் நடந்தது என்பது வேறு செய்தி.

முதல் திருமணம் அரசியல் சிறையிருப்பில் பிறந்தது. 1356-இல் புவாத்தியே போரில் ஆங்கிலேயரிடம் பிடிபட்ட பிரெஞ்சு அரசர் இரண்டாம் ஜானை மீட்க, 1360-இன் பிரெத்தினி உடன்படிக்கை எக்யூ என்ற பொற்காசு 30 லட்சத்தை விலையாக வைத்தது. அது செலுத்தப்படும்வரை பிணையாக இங்கிலாந்து சென்ற பிரபுக்களில் ஆங்கெரானும் ஒருவர். அங்கே ஆங்கிலேய அரசர் மூன்றாம் எட்வர்டின் மூத்த மகள் இசபெல்லாவை 1365 ஜூலை 27 அன்று விண்ட்ஸரில் மணந்தார். மணமகள் 1332-இல் பிறந்தவர். மணமகனைவிட ஏறத்தாழ எட்டு வயது மூத்தவர். அக்கால அரச குடும்பங்களில் 33 வயதுவரை மணமாகாத மூத்த இளவரசி அபூர்வம். அவள் விருப்பத்துக்குத் தந்தை எவ்வளவு இடம் கொடுத்திருந்தார் என்பது இதிலிருந்து தெரிகிறது. மீட்புத்தொகை இன்றியே மருமகன் விடுவிக்கப்பட்டார். மறு ஆண்டு பெட்ஃபோர்டின் ஏர்ல் என்ற ஆங்கிலப் பட்டமும் பெற்றார். சுவாசோன் கிடைத்ததும் இதே வழியில்தான். இன்னொரு பிணைக்கைதியான கி தெ ப்லுவா தம் விடுதலைக்காக அதை எட்வர்டிடம் ஒப்படைக்க, எட்வர்ட் அதை மருமகனுக்குக் கொடுத்தார். ‘நான் அரசனல்லேன், இளவரசனல்லேன், டியூக்கல்லேன், கவுண்ட்டுமல்லேன், கூசியின் பிரபு’ என்று பெருமைபேசும் குலவாசகத்தை வைத்திருந்த குடும்பம், இப்போது உண்மையிலேயே ஒரு கவுண்ட்டைப் பெற்றுவிட்டது.

மகள்கள் இருவர்: 1366-இல் மரீ, 1367-இல் ஃபிலிப்பா. இரு நாடுகளுக்கும் இடையே சிக்கிய குடும்பம் எப்படிப் பிரிந்தது என்பதை இவர்கள் இருந்த இடத்தைக் கொண்டு அறியலாம். மாமனார் 1377 ஜூனில் இறந்ததும், ஆகஸ்டு 26 தேதியிட்ட கடிதத்தால் ஆங்கெரான் இங்கிலாந்தில் தமக்கிருந்த சிறப்புகளைத் திருப்பிக் கொடுத்துப் பிரான்சின் பக்கம் முழுமையாக வந்துவிட்டார். இசபெல்லா இங்கிலாந்தில் தங்கினார். ஃபிலிப்பா தாயோடு, மரீ தந்தையோடு. ஃபிலிப்பா ஆக்ஸ்ஃபோர்டு ஏர்ல் ராபர்ட் தெ வேரை மணந்தார். 1387-இல் அவர் அரசியின் தோழிப்பெண் ஒருத்திக்காக ஃபிலிப்பாவைத் தள்ளிவைத்தார். மாமியார் மாட், மகனை விட்டு மருமகள் பக்கம் நின்றார். இத்தகைய செய்திகளைப் பிரெஞ்சு ஆவணங்களில் மட்டும் தேடினால் கிடைக்காது. மகளை மணமுடித்துக் கொடுத்த இடத்தின் ஆவணங்களுக்குப் போக வேண்டும். இசபெல்லா இறந்த ஆண்டை 1379 என்று சில நூல்களும் 1382 என்று சில நூல்களும் தருகின்றன. ஒன்றைத் தேர்ந்து மற்றதை மறைக்காமல், இரண்டையும் எழுதுவதே முறை.

1386-இல் லொரேன் டியூக் முதலாம் ஜானின் மகளை ஆங்கெரான் மணந்தார்; இவர் பெயரும் இசபெல்லே, இவருக்குப் பிறந்த மகளின் பெயரும் அதுவே. ஆக ஒரே வீட்டில் மூன்று இசபெல்லாக்கள். குறிப்பேட்டில் ஒவ்வொருவருக்கும் பிறந்த குடும்பத்தின் பெயரைச் சேர்த்து எழுதாவிட்டால், சில பக்கங்களுக்குள் மனைவி மகளாகிவிடுவாள். திருமணத்துக்கு வெளியே பிறந்த பெர்சவால் என்ற மகனும் உண்டு. ஓபெர்மோன் நிலம் அவருக்குக் கிடைத்தது, கூசி கிடைக்கவில்லை. அக்கால ஆவணங்கள் இத்தகைய மகன்களை மறைப்பதில்லை. ‘கூசியின் புறமகன்’ என்று வெளிப்படையாகவே எழுதுகின்றன. மறைத்தவர்கள் பிற்கால வம்சாவளி ஆசிரியர்கள்.

நாள்களைத் திருத்துக

பிழைகள் அதிகம் நுழையும் இடம் இதுதான். பிரெஞ்சு அரச அலுவலகம் அக்காலத்தில் ஈஸ்டர் நாளையே ஆண்டின் தொடக்கமாகக் கொண்டிருந்தது. ஜனவரி 1-ஐ ஆண்டுப்பிறப்பாக்கும் ஆணை 1564-இல்தான் வந்தது. ஆகவே ஜனவரி, பிப்ரவரி மாதத் தேதிகளும், ஈஸ்டருக்கு முந்தைய மார்ச், ஏப்ரல் தேதிகளும் நம் கணக்கில் அடுத்த ஆண்டைச் சேர்ந்தவை. துருக்கியரோடு நடந்த நிகோபோலிஸ் போரில் ஆங்கெரான் பிடிபட்டது 1396 செப்டம்பர் 25. துருக்கியரின் நகரான புர்சாவில் மரணசாசனம் எழுதியது பிப்ரவரி 16. இறந்தது பிப்ரவரி 18. நம் கணக்கில் இது 1397. ஆனால் அந்த ஆண்டின் ஈஸ்டர் ஏப்ரல் 22 அன்றுதான் வந்ததால், பிரெஞ்சு வழக்கில் அந்தப் பிப்ரவரியும் 1396-தான். இதை அறியாமல் ஆண்டை அப்படியே எடுத்தெழுதினால், தாம் சிறைப்பட்ட போருக்கு ஏழு மாதம் முன்பே இறந்த பிரபு ஒருவர் உங்கள் கட்டுரையில் தோன்றிவிடுவார்.

ஆங்கிலேய ஆவணங்கள் அரசரின் ஆட்சியாண்டைத் தரும். மூன்றாம் எட்வர்டின் ஆட்சியாண்டு ஒவ்வொன்றும் ஜனவரி 25-இல் தொடங்குகிறது; முதலாம் ஆண்டு 1327. விண்ட்ஸர் திருமணம் நடந்தது 39-ஆம் ஆண்டில். குறிப்பேட்டில் ஆவணத்திலுள்ள தேதியை ஒரு பத்தியிலும் திருத்திய தேதியை அடுத்த பத்தியிலும் எழுதுங்கள். மூலத்தை ஒருபோதும் அழிக்க வேண்டாம்.

சாட்சிகளை எடைபோடுதல்

ஆங்கெரானைப் பற்றி நாம் அறிந்திருப்பதில் பெரும்பகுதி ஃப்ருவாஸார் என்ற சமகால வரலாற்றெழுத்தாளர் வழியாக வருகிறது. அவர் ஆங்கெரானை மிகவும் மெச்சினார். அரசவை நாகரிகத்திலும் பேச்சுத்திறத்திலும் அவருக்கு உயர்ந்த இடம் தந்தார். ஆனால் ஃப்ருவாஸார் எட்வர்டின் அரசி ஃபிலிப்பாவின் பணியில் இருந்தவர்; பின்னர் சுவாசோனை இழந்த அதே கி தெ ப்லுவாவின் ஆதரவில் எழுதியவர். நிகோபோலிஸில் அவர் இல்லை. அவருடைய உரையாடல்களைக் கேட்ட சொற்களாக அன்றி, எழுதிய சொற்களாகவே மேற்கோள் காட்ட வேண்டும். இதற்கு நேர்மாறாக, கூசியின் தொடக்ககாலப் பிரபுக்களைப் பற்றிய செய்தி, நோழான் மடத்தின் தலைவர் கிபேரிடமிருந்து வருகிறது. கோட்டைக்கு அருகிலேயே வாழ்ந்த அவர், அப்பிரபுக்களில் ஒருவரான தோமா தெ மார்லைக் கொடுமையின் உருவமாகவே வரைந்தார். புகழ்பவர் ஒருபுறம், இகழ்பவர் ஒருபுறம் என்று இருக்கும்போது, நடுவே சலிப்பூட்டும் கணக்கேடுகளுக்கே அதிக மதிப்புக் கொடுக்க வேண்டும். படையெடுப்புக்கு எத்தனை வீரர்களுக்குச் சம்பளம் பெற்றார் என்று பிரபு முத்திரையிட்டுக் கொடுத்த பற்றுச்சீட்டு, யாரையும் மகிழ்விக்க எழுதப்பட்டதல்ல.

அத்தகைய சீட்டுகள் பல பாரிஸிலுள்ள பிரான்சின் தேசிய நூலகத்தில், குடும்பப் பெயர் வாரியாகத் தொகுக்கப்பட்ட கட்டுகளில் உள்ளன. நீதிமன்றமான பாரிஸ் பார்லமாவின் பதிவேடுகளும் அரச சாசனப் பதிவேடுகளும் அங்குள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கூசி சார்ந்த உள்ளூர் ஆவணங்களுக்கு லான் நகரில் உள்ள, ‘ஏன்’ (Aisne) என்ற பெயருடைய மாவட்டத்தின் காப்பகத்துக்குப் போக வேண்டும். இடைவெளிகளுக்கும் காரணம் உண்டு. அரசின் கணக்கு மன்றம் 1737-இல் எரிந்தது. நிலவுடைமைப் பத்திரங்களை எரிக்கும்படி 1793 ஜூலையில் புரட்சி அரசு சட்டமியற்றியது. ஏறத்தாழ 55 மீட்டர் உயர்ந்திருந்த கூசியின் பெருங்கோபுரத்தையே 1917 மார்ச்சில் பின்வாங்கிய ஜெர்மானியப் படை வெடிவைத்துத் தகர்த்தது. ஓர் ஆண்டுக்கு ஆவணம் இல்லையென்றால், அந்த ஆண்டில் பிரபு எதுவும் செய்யவில்லை என்று முடிவுகட்டக் கூடாது.

எங்கே நிறுத்துவது

வாழ்க்கை வரலாறு மரணத்தோடு முடியலாம். குடும்ப வரலாறு வாரிசுரிமை தீரும் வரை தொடர வேண்டும். மரணசாசனத்தை முழுமையாகப் படியுங்கள். உடலை நோழான் மடத்தில் அடக்கவும், இதயத்தை 1390-இல் தாம் நிறுவிய சுவாசோன் செலஸ்தீன் துறவியர் மடத்துக்கு அனுப்பவும் ஆங்கெரான் கேட்டுக்கொண்டார். அவர் எந்த நிலத்தைத் தம்முடையதாக எண்ணினார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது. திருமணவழி மகன் இல்லாததால் உரிமை மகள்களிடம் வந்தது. மூத்தவள் மரீ, பார் டியூக்கின் மகன் ஆன்ரியை மணந்தவள். அவள் கணவரும் நிகோபோலிஸ் பயணத்திலிருந்து வீடு திரும்பவில்லை. விதவையான அவளிடமிருந்து 1400-இல் அரசரின் தம்பி ஓர்லியான் டியூக் லூயி கூசியை விலைக்கு வாங்கினார். அந்த விற்பனையில் அவளுடைய விருப்பம் எவ்வளவு, அரச குடும்பத்தின் நெருக்கடி எவ்வளவு என்பதை வழக்குப் பதிவுகளோடு வைத்துப் பார்க்க வேண்டும். இளைய மகள் இசபெல்லே, நெவேர் கவுண்ட் ஃபிலிப்பை மணந்து 1411-இல் இறந்தாள். ஃபிலிப்பாவும் அதே ஆண்டில் இறந்தார்.

இனி இரண்டு இழைகளைத் தனித்தனியே பிடித்துச் செல்ல வேண்டும். நிலத்தின் இழை: ஓர்லியான் லூயியின் பேரன் 1498-இல் பன்னிரண்டாம் லூயியாக முடிசூடியபோது கூசியும் அவரோடு அரசுடைமைப் பக்கம் போயிற்று. இரத்தத்தின் இழை: மரீயின் மகன் ராபர்ட் 1415-இல் அஜின்கூர் போரில் இறந்தான், அவன் மகள் ழான் லுக்சம்பூர்க் குடும்பத்தில் மணந்தாள், அவளுடைய பேத்தி மரீ, பூர்போன்-வந்தோம் குடும்பத்தில் மணந்தாள், அந்த மரீயின் பேரன் அந்த்வான், அந்த்வானின் மகன்தான் 1589-இல் பிரான்சின் அரசரான நான்காம் ஆன்ரி. வரைபடத்தில் நில இழைக்கு ஒரு மையும் இரத்த இழைக்கு வேறொரு மையும் பயன்படுத்துங்கள். இரண்டும் 1400-க்குப் பின் வெவ்வேறு வழியில் பிரிந்து செல்கின்றன.